பந்துப் பெட்டிக்குள் ஒரு ஜிமிக்கி

போன மாதம் பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து என் பந்துப் பெட்டியைத் திறந்து பார்த்தார். பழைய பின்பால் மெஷின்களைச் சரிசெய்து கொடுப்பது அவர் தொழில். மேல் கண்ணாடியை உருவி, பலகையைத் தூக்கி நிறுத்தி, டார்ச் அடித்துப் பார்த்தவர் ரொம்ப நேரம் வாயைத் திறக்கவே இல்லை. வயிற்றைத் திறந்த டாக்டர் பேசாமல் நின்றால் சொந்தக்காரனுக்கு எப்படி இருக்கும்? அப்படி இருந்தது எனக்கு.

"சார், உள்ள ஒரு கம்மல் தொங்குது," என்றார் கடைசியில்.

"ஜிமிக்கிங்க," என்று திருத்தினேன். நமக்குத் தெரிந்த ஒரே விஷயத்தில் பிழை விடக்கூடாது அல்லவா?

பந்துப் பெட்டியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். சாய்வான ஒரு மேசை, மேலே கண்ணாடி மூடி. ஸ்பிரிங்கை இழுத்துவிட்டால் இரும்புப் பந்து மேலே ஓடி, முட்டி மோதி, மணியடித்து, விளக்கெரித்துக் கீழே உருண்டு வரும். அடியில் இரண்டு கைகள் இருக்கும். பெட்டியின் இரண்டு பக்கத்துப் பட்டன்களை அமுக்கினால் அந்தக் கைகள் துள்ளிப் பந்தை மறுபடி மேலே அடிக்கும். சிலர் பந்து கீழே விழாமலிருக்கப் பெட்டியையே பிடித்து உலுக்குவார்கள். அவர்களைப் பிடிக்கத்தான் உள்ளே ஒரு தூக்குக்குண்டு. உலுக்கினால் அது சுற்றியிருக்கும் வளையத்தில் பட்டு ஆட்டம் நின்றுபோகும். எங்கள் பெட்டியில் அந்தக் குண்டு எப்போதோ அறுந்து விழுந்துவிட்டது. அந்த இடத்தில்தான் ஜிமிக்கி. ஒற்றை ஜிமிக்கி.

பெங்களூர்க்காரர் மேலும் தோண்டினார். மணி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளர் கவிழ்ந்திருந்தது. அதன் விளிம்பில் என் அம்மாவின் பெயர் வெட்டியிருந்தது. அம்மா அந்த டம்ளரைத் தேடாத இடமில்லை. ஒரு காலத்தில் என் சித்தியைச் சந்தேகப்பட்டுப் பேச்சுவார்த்தைகூட நின்றுபோயிருந்தது. பந்து முட்டித் திரும்புகிற ரப்பர் வளையங்களெல்லாம் என் செருப்பு வார். ஸ்பிரிங்கை இழுக்கும் குமிழ், யார் வீட்டுக் குக்கருடையதோ தெரியவில்லை.

"யார் சார் இதையெல்லாம் பண்ணது?"

"அக்காங்க."

"பேரு?"

அப்போதுதான் உறைத்தது, பெயர் எனக்குத் தெரியாது. கணபதி என்கிற ஊரில், வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் எங்களுக்கு அடுத்த வீடு. புருஷன் "இந்தா" என்பார். மகன் "அம்மோவ்" என்பான். நானும் தெருவும் "அக்கா" என்போம். மகனுக்கு ஓசூரில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டார்கள். பழைய நம்பருக்கு அடித்தால் வேறு யாரோ எடுத்து, "அவங்க இல்லீங்க" என்று மரியாதையாகச் சொல்கிறார்.

அக்கா வீட்டிலிருந்தபடியே பம்பு மோட்டாருக்குக் காயில் சுற்றுவார். செப்புக் கம்பியும் வார்னிஷ் வாசமுமாக இருக்கும் வீடு. அந்த வீட்டில் லைட்டைப் போட்டால்தான் மிக்சி ஓடும். ஏன் என்று கேட்டதற்கு, "இருட்டுக்குள்ள என்னத்த அரைக்கப் போறே?" என்றார். எங்கள் வீட்டுக் கிரைண்டர் ஓடவில்லையென்று அம்மா ஒருமுறை அவரைக் கூப்பிட்டுவிட்டாள். ஓட வைத்துவிட்டார். நிறுத்தத்தான் முடியவில்லை. மெயினை அணைத்துவிட்டு இருட்டில் மாவு வழித்தோம். அதற்கும் அவர் வெட்கப்படவில்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "ஓடலேன்னுதான கூப்ட்டீங்க? ஓடுதா இல்லியா? எம்பட கைக்குத் தங்கக் காப்பு போடோணும்," என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டு போனார்.

எல்லாவற்றுக்கும் மேலே அவருடைய பார்வை. மனிதர்கள் ஒரு பொருளைப் பார்த்தால் அது என்னவென்று பார்ப்பார்கள். அக்கா, அது வேறு என்னவாக முடியும் என்று பார்ப்பார். நம்மிடம் பேசிக்கொண்டே இருப்பார்; கண் நம் பெல்ட்டுக்குப் போகும், சட்டைப் பேனாவின் கிளிப்புக்குப் போகும். "கண்ணு, அது உனக்கு வேணுமா?" என்பார். வேணும் என்று சொல்வதற்குள் அது வேறெதற்குள்ளோ போய் உட்கார்ந்திருக்கும். அவர் வருகிறார் என்றால் தெருப் பெண்கள் கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். என் மூக்குக்கண்ணாடியின் திருகாணி ஒன்று இந்தப் பெட்டிக்குள் எங்கேயோ இருக்கிறது; அந்த வருஷம் முழுக்க நூல் கட்டிய கண்ணாடியோடு உலகத்தை ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்தேன். ஜிமிக்கி மட்டும் அவருடையது. உடுமலைத் தேர்க்கூட்டத்தில் குண்டு அறுந்து ஆட்டம் நின்றபோது காதிலிருந்து கழற்றி மாட்டியது. அடுத்த காதில் மற்றதைப் போட்டுக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தார். யாரோ கேட்டதற்கு, "ஒண்ணு டூட்டில இருக்குது," என்றார்.

சிரித்துக்கொண்டேதான் இதையெல்லாம் சொல்கிறேன். ஆனால் அவரைப் பார்த்து உடம்பு சிலிர்த்த ஒரு நாள் உண்டு.

அக்காவின் மாமியார் இறந்துபோனார். இரண்டு பேருக்கும் கடைசிவரை ஆகாது. இருந்தும் அக்கா ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்து அழுதுகொண்டிருந்தார். உச்சி வெயில். மாமியாரின் மகள் தூரத்திலிருந்து இன்னும் வந்துசேரவில்லை. திடீரென்று ஐஸ் பெட்டியின் உறுமல் நின்றது. பெட்டி வாடகைக்கு விட்டவன் போனை எடுக்கவில்லை. பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அக்காவின் அழுகை சட்டென்று நின்றது. பெட்டியில் காதை வைத்தார். தன் தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருந்த ஓரகத்தியின் தலையிலிருந்து ஊசி ஒன்றை உருவினார். கீழே குனிந்தார். என்ன செய்தாரோ, பெட்டி மறுபடி உறுமியது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தார். "என்ன உட்டுப்போட்டு" என்ற இடத்தில் நிறுத்தியவர், "போயிட்டீங்களே அத்தே" என்று அங்கிருந்தே தொடர்ந்தார்.

சிரிப்பதா அழுவதா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அழுகையும் பொய் இல்லை, ரிப்பேரும் பொய் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடுக்குக்கூட இல்லாமல் ஒரு மனுஷி இருக்க முடியும் என்று அன்றுதான் பார்த்தேன்.

இனி என் கல்யாணக் கதைக்கு வரவேண்டும். அதுவும் அக்காவின் ரிப்பேர்தான்.

கொங்கு நாட்டில் இன்றைக்குப் பையனுக்குப் பெண் கிடைப்பது எப்படிப்பட்ட பாடு என்று தெரியாதவர்கள் பெண்ணைப் பெற்றவர்கள் மட்டும்தான். காடு, தோட்டம், கம்பெனி எல்லாம் இருக்கிறவனே வரிசையில் நிற்கிறான். நானோ உக்கடம் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய ஒரு பெட்டியை மினி டெம்போவில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகத் திருவிழாவுக்குப் போகிறவன். "மாப்பிள்ளை என்ன பண்றாருங்க?" என்ற கேள்விக்கு அம்மா சொன்ன பதிலிலேயே பல ஜாதகங்கள் பொருத்தம் பார்க்கும் முன்பே திரும்பிவிட்டன. முன்வழுக்கை வேறு வந்துகொண்டிருந்தது. காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரே ஒரு இடம் மட்டும் திரும்பவில்லை. பெண்ணின் அப்பா மாடு வைத்திருக்கும் விவசாயி. "நாங்க சென்னிமலைக்குத் தைப்பூசத்துக்கு வாரோம். புள்ளையும் பையனப் பாத்துக்கட்டும். அந்தப் பெட்டி ஓடற அழகையும் நான் பாக்கோணும்," என்று சொல்லியனுப்பியிருந்தார்.

தைப்பூசத்தன்று காலையில், பெட்டியின் வலது கையைத் துள்ள வைக்கும் காயில் எரிந்துபோனது.

கூட்டம் பார்க்கவென்று கூட வந்திருந்த அக்கா, எரிந்த காயிலைப் பிரித்துப் பார்த்தார். "இதுல ரெண்டு கம்பி ஓடுது கண்ணு. தடிப்பு அடிக்கறதுக்கு. சன்னம் பிடிச்சுட்டு நிக்கறதுக்கு. நம்மகிட்ட இருக்கறது மோட்டாருக் கம்பி. தடிப்பு மட்டுந்தான்."

"அப்ப என்னாகுங்க்கா?"

"அடிக்கும். பிடிச்சுட்டு நிக்காது."

"பொண்ணோட அப்பா பட்டனப் பிடிச்சுட்டே நின்னா?"

"சுட்டுப்போயிரும். பட்டுனு அமுக்கி வெடுக்குனு உட்றோணும்."

பக்கத்திலிருந்த நெசவாளர் வீட்டில், தறியில் ஊடை நூல் சுற்றும் குச்சி ஒன்றைக் கேட்டு வாங்கி, அதன்மேல் சுற்ற ஆரம்பித்தார். எத்தனை சுற்று என்று கேட்டேன். "எடம் நெறையற வரைக்கும்," என்றார். பம்பு மோட்டார் சுற்றிய கை அல்லவா? மலைமேல் தண்ணீர் ஏற்றுகிற பலம் பெட்டியின் அந்தப் பாவப்பட்ட கைக்கு வந்துவிட்டது. சோதனைக்கு ஒரு அடி அடித்தோம். பந்து எழும்பி மோதியதில் மேல் கண்ணாடி விரிசல் விட்டது. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். அக்கா முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "லிஃப்ட்டு நல்லாருக்குது!" என்றார். விரிசலின்மேல் ஒரு முருகன் ஸ்டிக்கரை ஒட்டினோம்.

பட்டனை யாரும் பிடித்துக்கொண்டே நிற்கக் கூடாது என்பதற்கும் வழி வைத்திருந்தார். திருவிழாக் கடையில் ஒரு எலிப்பொறி வாங்கி, அதன் ஸ்பிரிங்கைப் பட்டனுக்குப் பின்னால் மாட்டிவிட்டார். அமுக்கினால் விரலையே திருப்பி அடித்தது. எனக்குக் கட்டைவிரல் வீங்கிவிட்டது. இனிக் கவலையில்லை என்று இருவரும் கரும்புச்சாறு குடித்தோம்.

மதியத்துக்குமேல் பெண்ணின் அப்பா வந்தார். தோளில் துண்டு, நெற்றி நிறைய விபூதி. பின்னால் பெண். நான் பெண்ணைப் பார்க்கவில்லை, பட்டனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இரண்டு பக்கமும் கைவைத்து அமுக்கினார். காளைக்கு மூக்கணாங்கயிறு போட்ட கை. எலிப்பொறி ஸ்பிரிங் அவருக்குக் கொசு. அமுக்கியவர் அமுக்கியபடியே நின்றார்.

"பட்டன் கொஞ்சம் லூசா இருக்குதுங்களே தம்பி," என்றார்.

அக்காவைப் பார்த்தேன். அக்கா பெட்டியைப் பார்க்கவில்லை. எது வேறு என்னவாக முடியும் என்கிற அந்தப் பார்வையோடு, சுற்றி நின்ற சனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விறுவிறுவென்று பெட்டிக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று, இரண்டு கையையும் குவித்தார்.

"வாங்க மாமா! கும்பிடறேனுங்க!"

எங்கள் பக்கத்தில் ஒருவர் கும்பிட்டால் பதிலுக்குக் கும்பிட்டே தீரவேண்டும். ஒற்றைக் கையால் கும்பிடுவது கும்பிடாமலிருப்பதைவிடக் கேவலம். பெண்ணின் அப்பா பட்டன்களை விட்டார். இரண்டு கையையும் குவித்தார். "கும்பிடறேனுங்கம்மா." பந்து கீழே விழுந்தது. காயில் பிழைத்தது.

அடுத்த பந்தை விட்டார். பட்டனை அமுக்கிப் பெட்டியின் கையைத் தூக்கிப் பிடித்தார். அதற்குள் அக்கா வளையல் கடைக்காரம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தார். "கும்பிடறேனுங்க. ஊர்ல மழையெல்லாம் உண்டுங்களா?" "உண்டுங்க, உண்டுங்க." கை குவிந்தது. பிறகு சோடாக்காரர் வந்தார். கிளி ஜோசியர் வந்தார். கூண்டைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். குச்சி கொடுத்த நெசவாளர் வந்தார். எதற்குக் கும்பிடுகிறோம் என்று ஒருவருக்கும் தெரியாது. அக்கா போய், "அங்க ஒருத்தருக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வாங்க, புண்ணியமாப் போகும்" என்று சொன்னார், வந்தார்கள். இந்த ஊரில் அதற்குக் காரணம் கேட்பதில்லை. கும்பிட்டவர்களில் சிலர், இதிலே வேறு ஏதோ இருக்கும் என்று அப்படியே ஓரமாக நின்றுகொண்டார்கள். பெண்ணின் அப்பாவுக்கு முகமெல்லாம் வேர்த்து, மகிழ்ச்சியா குழப்பமா என்று தெரியாத ஒரு நிலையில், பந்து போனாலும் மரியாதை போகக்கூடாது என்று ஒவ்வொருவருக்கும் கையை எடுத்தார்.

நான் ஒன்றும் செய்யவில்லை. என் வேலையை நான் எப்போதுமே நன்றாகச் செய்வேன்.

கடைசிப் பந்தில் விபரீதம் வந்தது. மனிதர் ஆட்டத்தின் ருசி கண்டுவிட்டார். பந்து உருண்டு வலது கைக்கு வந்ததும் கையைத் தூக்கிப் பிடித்து, பந்தை அதன் மடியில் நிறுத்திவிட்டார். வருஷக்கணக்காக ஆடுகிறவர்களுக்கு வரும் வித்தை அது. முரட்டுக் காளையை அடக்கி நிறுத்தியவர்போல ஆடாமல் அசையாமல் பிடித்துக்கொண்டு, எங்கே அடிக்கலாம் என்று நிதானமாக யோசித்தார். பெட்டியின் இடுக்கில் நூலாகப் புகை கிளம்பியது. அக்கா திரும்பிப் பார்த்தார். சனம் தீர்ந்துபோயிருந்தது. எல்லோரும் கும்பிட்டாகிவிட்டது. நான் இன்னொருமுறை கும்பிட்டால் மாப்பிள்ளைக்குப் புத்தி சரியில்லை என்று திரும்பிப் போய்விடுவார். அக்காவின் கண் இங்கும் அங்கும் ஓடி, ஒன்றும் அகப்படாமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

அப்போது அப்பாவுக்குப் பின்னால் நின்றிருந்த பெண், பெட்டியைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தாள். அப்பாவுக்கு நேரே நின்று இரண்டு கையையும் குவித்தாள்.

"கும்பிடறேனுங்கப்பா."

அவர் கை தானாக எழுந்தது. குவிந்தது. பந்து உருண்டு குழிக்குள் போனது. பிறகுதான் எதிரில் நிற்பது யார் என்று பார்த்தார்.

"என்ன அம்மணி? நீயுமா?"

"பொகை வருதுங்கப்பா."

அவர் குனிந்து மோந்து பார்த்தார். பம்பு மோட்டார் வைத்திருக்கும் விவசாயிக்கு அந்த வாசனையை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. "காயிலு," என்றார்.

"ஆமாங்க மாமா," என்றார் அக்கா. "காத்தால எரிஞ்சுபோச்சு. நான்தான் சுத்தினேன். பிடிச்சுட்டே நின்னாத் தாங்காது."

பெண்ணின் அப்பா நிமிர்ந்தார். வளையல் கடைக்காரம்மாவை, சோடாக்காரரை, கூண்டோடு நின்ற ஜோசியரை ஒருவர் விடாமல் பார்த்தார். "அப்ப இத்தனை நேரம் என்னக் கும்பிட்ட இந்தச் சனமெல்லாம்?"

அக்காவுக்குக் கூச்சமே இல்லை. "ஸ்பேருங்க மாமா."

அவர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "ஏனுங் தம்பி, கூட இருக்கறவங்க கும்பிட்டுக் கும்பிட்டு ஓட்ட வேண்டியிருக்குது உங்க பொழப்ப. இதுல எம் புள்ளைக்கு எங்கிருந்து சோறு போடுவீங்க?"

ஊரில் எல்லாக் கேள்விக்கும் என்னிடம் ஒரு கிண்டல் பதில் இருக்கும். அன்றைக்கு வாயைத் திறந்தேன், கரும்புச்சாறு வாசனைதான் வந்தது. பெண்ணின் அப்பா மகளைப் பார்த்தார். "நீ என்ன சொல்றே?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தாள். புகை அடங்கியிருந்தது.

"நானுந்தான் கும்பிட்டுட்டனுங்களேப்பா."

துண்டை எடுத்து முகத்தைத் துடைக்கப் போன அவர், துண்டுக்குள்ளேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். தோள் குலுங்கியது. சோடாக்காரர் எதற்கென்று தெரியாமலே கூடச் சிரித்தார். அக்கா என் காதருகே குனிந்து, கொஞ்சம் கோபமாகவே சொன்னார்: "இது எனக்குத் தோணாமப் போச்சே!"

கல்யாணம் காங்கேயத்தில் நடந்தது. அக்கா இரண்டு காதிலும் புதுக் கம்மல் போட்டுக்கொண்டு மேடைக்கு வந்தார். பெண்ணைக் கட்டிக்கொண்டார். பெரிய கைகாரி என்று மெச்சினார். நான் மெதுவாக, "அக்கா, இவங்க ஊட்டுக்கு நான் பொருத்தந்தானுங்களா?" என்று கேட்டேன்.

தலையிலிருந்து கால்வரை என்னைப் பார்த்தார். முன்வழுக்கையில் கொஞ்சம் நின்று, தொப்பையில் கொஞ்சம் நின்று, பட்டு வேட்டியின் கரை வரை இறங்கி மறுபடி மேலே வந்தது அந்தப் பார்வை.

"ஒரிஜினல் இல்ல கண்ணு," என்றார். "ஆனா உக்காந்துக்கும்."

என் மாலையை நகர்த்தி நேராக்கினார். உள்ளங்கையால் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். உள்ளே ஏதாவது ஆடுகிறதா என்று கேட்பவர்போலத் தலையைச் சாய்த்து ஒரு கணம் நின்றார். பிறகு சாப்பிடப் போய்விட்டார்.